அப்பா எண்

என் ரேடாருக்கு ஒன்றும் இல்லை என்று முதல் நாளே சொன்னேன். யாரும் நம்பவில்லை. மூன்றாவது வாரத்தில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

காருக்கு எதிரே வருவது ஆளா, கம்பமா, காற்றில் உருளும் காலி டப்பாவா என்று காருக்குக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ரேடார் என்றால் காரின் மூக்கில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய பெட்டி. மழை பெய்தால் அதற்குக் காய்ச்சல், வெயில் அடித்தால் மயக்கம். பாலத்துக்கு அடியில் போனால் பாலமே மோத வருகிறது என்று அலறி வண்டியை நிறுத்தும். அந்தப் பெட்டியை உள்ளங்கையில் அடங்கும் பலகையாக்குவதற்குள் எனக்குக் கண்ணாடி வந்தது, முதுகுவலி வந்தது, யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழும் குணமும் வந்தது. கடைசியாகச் சொன்னது முன்பே இருந்தது என்பார் என் வீட்டுக்காரர். அவர் கணக்கு வாத்தியார். எதையும் நிதானமாகச் சொல்லியே என்னை இன்னும் கிளப்பிவிடுவார்.

புதுப் பலகைக்கு மட்டும் ஆறு வருஷம் ஆயிற்று. மாதக் கடைசியில் கார் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. தேறினால் அவர்களுடைய அடுத்த கார்கள் எல்லாவற்றிலும் அதுதான். தேறாவிட்டால் பழைய ரேடாரே போதும் என்று சொல்லிவிடுவார்கள், பலகை அலமாரிக்குப் போகும், எங்கள் குழுவைக் கலைத்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் இதை என்னிடம் சிரித்த முகத்தோடு சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நிஜமாகவே செய்வார் என்று அர்த்தம்.

பலகை தேறுவதற்கு முன்னால் அப்பா எண் தேறியாக வேண்டும். அதில்தான் வந்தது வினை.

அதைச் சொல்வதற்கு முன் ரேடார் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஒன்றும் கஷ்டமில்லை. ஆள் நடந்து வரும்போது உடம்பு ஒரே வேகத்தில் வரும். காலும் கையும் மட்டும் முன்னும் பின்னும் வீசும். வீச வீச அவற்றின் வேகம் கூடிக் குறையும். ரேடார் அனுப்புகிற அலை ஆள்மேல் பட்டுத் திரும்பும்போது இந்த வேகமெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் பார்த்தால் நடுவில் ஒரு தடித்த கோடு, அது உடம்பு. அதற்கு மேலே பெரிய மலைகள் கால், சின்ன மலைகள் கை. கம்பத்துக்கு மலை கிடையாது, தள்ளுவண்டிக்கும் கிடையாது. மலையைப் பார்த்துத்தான் இது ஆள், பிரேக்கைப் போடு என்று கார் முடிவு கட்டுகிறது. மலைகள் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கின்றன என்று நூற்றுக்கு ஒரு எண் போடுவோம்.

பலகை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஆள் ஒரே மாதிரி நடந்தால்தான் இந்த வருஷத்து எண்ணை அந்த வருஷத்து எண்ணோடு ஒப்பிட முடியும். ஆரம்பத்தில் பக்கத்துக் கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டேன். ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தான், ஒருவன் எங்கள் கார் பக்கத்தில் வந்ததும் ஓடிப்போய் வேலி மேல் ஏறிக்கொண்டான். வெறுத்துப்போய் வீட்டில் புலம்பினேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்து வருகிற வேலை. முப்பது வருஷம் தெருத் தெருவாக நடந்தவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பதே வேலையாக இருந்தார். “நான் நடக்கிறேனே” என்றார்.

அன்றைக்கு நடக்க ஆரம்பித்தவர்தான். தலையில் ஆராய்ச்சிக்கூடத்துத் தொப்பி, மேலே பளிச்சென்ற மஞ்சள் சட்டை, காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் ஒரு சின்னக் கருவி. டிக்குக்கு ஓர் அடி. நேராகக் காரைப் பார்த்து வருவார், காருக்கு முன்னால் தரையில் போட்ட கோட்டில் நிற்பார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு “எத்தனை?” என்று கேட்பார். தொண்ணூற்றைந்து என்றால் தலையாட்டுவார். தொண்ணூற்றிரண்டு என்றால் இன்னொரு தடவை நடக்கட்டுமா என்பார். பரீட்சைத் தாளை வாங்குகிற பிள்ளை கெட்டது. பெயர் வைக்கச் சோம்பல்பட்டு எங்கள் ஆட்கள் அந்த எண்ணையே அப்பா எண் என்று சொல்லப் போக, பிறகு எல்லா அறிக்கைகளிலும் அதுவே நின்றுவிட்டது.

அப்பாவுக்கு அதில் தாங்காத பெருமை. என் மகள் காருக்கெல்லாம் கண் வைக்கிறாள் என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவைத்தார். அந்த அம்மாள் மறுநாளே தன் புதுக் காரைத் துணி போட்டு மூடிவிட்டாள். நான் போய் விளக்கம் சொல்லித் திறக்க வைத்தேன்.

ஒரு விதியும் உண்டு. அப்பா எண் தொண்ணூறைத் தாண்டாமல் வேறு எந்த ஆளையும் சோதனைக் களத்தில் இறக்கி அளக்கக் கூடாது. கருவியே கோணலாக இருக்கும்போது நூறு பேரை அளந்து என்ன புண்ணியம்? இந்த விதியை எழுதியது நான்தான், மீறியவர்களை நார் நாராகக் கிழித்ததும் நான்தான்.

குளிர் விலகி, களத்தைத் திறந்து, புதுப் பலகையைக் காரில் பொருத்தி, அப்பாவை நடக்கவிட்டோம். எழுபத்தொன்று வந்தது.

எங்கள் குழுவில் மென்பொருள் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், திரையைப் பார்த்து எண்ணை வாசிப்பவள் அவள்தான். எழுபத்தொன்று என்று சொல்லிவிட்டு, தானே தப்பு செய்துவிட்டதுபோல என் முகத்தைப் பார்த்தாள். அப்பா கோட்டில் நின்று எத்தனை என்று கேட்டார். அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவள் எண்பத்தெட்டு என்று சொல்லிவைத்தாள். எனக்கு வந்ததே கோபம். எண்ணில் பொய் சொல்வதென்றால் இந்த வேலைக்கு வராதே, வேறு வேலை பார், என்று அவளை அப்பா காதுபடவே திட்டினேன். யாருக்காகவும், எதற்காகவும், ஓர் எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்பா திரும்பிப் போய் மறுபடி நடந்தார். அறுபத்தொன்பது.

முதலில் பம்பரைச் சந்தேகப்பட்டேன். பலகை பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பம்பரின் பெயின்டில் உலோகத் தூள் அதிகமாக இருந்தால் அலையைப் பாதி விழுங்கிவிடும். புது பம்பருக்குச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதுவும் மினுமினுவென்று. அடித்தவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பெயின்ட் இல்லாத பம்பரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அப்பா நடந்தார், எழுபது.

பலகையை மாற்றினேன். எங்களிடம் அதே மாதிரி நான்கு இருந்தன, நான்கையும் மாற்றிப் பார்த்தேன். எழுபது, எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபது. களத்தில் ஒரு கம்பின்மேல் மூன்று உலோகத் தகடுகளை மூலையாகச் சேர்த்து வைத்திருப்போம். அது எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் அப்படியே திருப்பி அனுப்பும். அதைக் காட்டினால் நான்கு பலகையும் அச்சுப் பிசகாமல் சரியாகச் சொல்கின்றன. தகட்டைக் காட்டினால் சரி, அப்பாவைக் காட்டினால் தப்பு. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அப்பாவையும் கேட்காமல் இல்லை. எப்போதும்போலத்தான் நடக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். “எப்பவும் போலத்தாம்மா. டிக்குக்கு ஒரு அடி” என்றார். திரையிலும் நடுக்கோடு, அதாவது உடம்பின் வேகம், போன வருஷம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. சரி, அவர் பக்கம் தப்பில்லை என்று அந்தக் கதவை அன்றைக்கே சாத்திவிட்டேன். கடையில் எடைக்கல்லை யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்?

பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சின்ன மலைகள் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போயிருப்பது தெரிந்தது. ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. மறுபடி ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். இப்படிச் சீராக விட்டு விட்டு வந்தால் அது மின்சாரத்தில் கோளாறு. பேட்டரியிலிருந்து வரும் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டோம். கைகளில் கறுப்பு மை, முகத்தில் கறுப்பு மை, எண் மட்டும் எழுபது.

வேறு வழியில்லாமல் பழைய ரேடாரையும் அதே காரில் மாட்டினேன். புதுசும் பழசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், எது பொய் சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று. பழசும் அதையேதான் சொன்னது. அதே இடத்தில் அதே சின்ன மலை இல்லை.

புத்தியுள்ளவள் அங்கே நின்று யோசித்திருப்பாள். எனக்குத் தோன்றியது வேறு. இரண்டு ரேடாரும் ஒரே கணினியில்தானே பதிவாகின்றன, அப்படியென்றால் கணினிதான் தின்கிறது. கணினியை மாற்றினேன். அதுவும் இல்லையென்றதும் களத்தைச் சந்தேகப்பட்டேன், புதிதாகப் போட்ட கம்பி வேலியிலிருந்து அலை எதிரொலித்துக் குழப்புகிறதோ என்று. வேலியில்லாத பின்பக்கத்து நிறுத்துமிடத்தில் போய் அளந்தேன். அங்கேயும் எழுபதைத் தாண்டவில்லை.

இதற்கு நடுவில் கேமராக்காரர் தொல்லை. அவர் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் இன்னொரு குழுவுக்குத் தலைவர். காருக்குக் கேமரா போதும், ரேடார் எதற்கு என்று பதினைந்து வருஷமாக என்னோடு ஏட்டிக்குப் போட்டி. பனி விழுந்தால் உங்கள் கேமரா குருடு என்பேன், ஆளுக்கும் ஆட்டுக்கும் உங்கள் ரேடாருக்கு வித்தியாசம் தெரியாது என்பார். அவருடைய கேமராவும் அதே காரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, நாங்கள் அளக்கும்போதெல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த மூன்று வாரத்தில் அவர் இரண்டு தடவை என் மேஜைக்கு வந்து நின்றார். கிண்டல் பண்ண வந்திருக்கிறார் என்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாவது தடவை தயங்கித் தயங்கி, வேறு யாரையாவது ஒருநாள் நடக்கவிட்டுப் பாருங்களேன் என்றார்.

“விதி தெரியும்ல? உங்க வேலையப் பாருங்க” என்றேன்.

அவர் களத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மனுஷனுக்கு என் பலகை ஊத்திக்கொண்டால் சந்தோஷம், அதை மறைக்கத் தெரியவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் வந்து பொரிந்து தள்ளினேன். இவர் நிதானமாக, அவர் சொன்னதில் என்ன தப்பு என்றார். அன்று இரவு நான் இவரோடு பேசவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. காலையில் நான் எழுவதற்கு முன்னாலேயே கூடத்தில் சரக் சரக் என்று சத்தம் கேட்கும். அப்பா கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிறவளுக்கு அந்தச் சத்தம் மூளையை உரசுவதுபோல இருக்கும். காலைத் தூக்கி வைத்து நடங்கள் என்று படுக்கையிலிருந்தே கத்துவேன். சத்தம் கொஞ்சம் நிற்கும், பிறகு மெதுவாக ஆரம்பிக்கும். செருப்பு தேய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று கடைக்குப் போய்ப் புதுக் காலணி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டும் தேய்த்தார்.

களத்தில் மஞ்சள் சட்டைக்குப் பொத்தான் போட அவருக்கு நேரமாகியது. கார் உறுமிக்கொண்டு நிற்கும், எல்லோரும் காத்திருப்பார்கள், அவர் குனிந்து ஒரே பொத்தானோடு போராடிக்கொண்டிருப்பார். கொடுங்கப்பா என்று நானே போட்டுவிடுவேன். வயசானால் எல்லாம் மெதுவாகத்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நேரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நினைத்திருப்பேனோ என்னவோ. என் கண்ணுக்கு அப்போது பலகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கார் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் தலைவர் களத்துக்கே வந்துவிட்டார். எழுபதோடு அவர்களை நிற்க வைத்து அவமானப்படுவதைவிட இப்போதே பழைய ரேடார் என்று சொல்லிவிடலாமே என்றார், அதே சிரித்த முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் களத்தின் நடுவில் நின்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் வரை நேரம் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று போனார்.

காருக்குள் மென்பொருள் பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பா கோட்டுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கேமராக்காரர் எங்கிருந்தோ நடந்து வந்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீங்களே நடங்க. உங்க விதிய நீங்களே மீறினா உங்கள யாரு திட்டப் போறா?”

களைத்துப் போயிருந்தேன். அப்பா அதற்குள் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் பொத்தானைக் கழற்றி, சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவருடைய காதுக் கருவியை என் காதில் செருகிக்கொண்டேன். வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே உட்காருங்கள் என்று அவரைக் காருக்குள் உட்கார வைத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் எப்போதும் காருக்கு வெளியேதான் இருந்தார். திரை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

களத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினேன். காதில் டிக் டிக். காரைப் பார்த்து நடந்தேன். என் காரை நோக்கி நானே நடப்பது அதுதான் முதல் தடவை. அந்தக் கறுத்த மூக்குக்குப் பின்னால் இருந்து ஏதோ ஒன்று என்னைப் பார்க்கிறது என்று தெரிந்து கூச்சமாக இருந்தது. கோட்டில் வந்து நின்றேன். வாக்கிடாக்கியில் மென்பொருள் பெண்ணின் குரல் வந்தது.

“தொண்ணூத்தாறு, மேடம்.”

மறுபடி சொல் என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். ஓடிப்போய் இன்னொரு தடவை நடந்தேன், தொண்ணூற்றைந்து. நிஜமாகவே குதித்தேன். மஞ்சள் சட்டையோடு களத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். என் பலகை நன்றாக இருக்கிறது, ஆறு வருஷம் வீண் போகவில்லை, நான் பைத்தியம் இல்லை. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை, இதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.

யாரும் கை தட்டவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று வாரமாக என்னிடம் திட்டு வாங்கியவர்கள், என்னைவிட அவர்களுக்கல்லவா சந்தோஷமாக இருக்க வேண்டும்? கேமராக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றார். காருக்குள் மென்பொருள் பெண் குனிந்து விசைப்பலகையில் எதையோ தேடுவதுபோல இருந்தாள். இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டே போய்க் காரின் ஜன்னலில் தலையை நுழைத்தேன்.

திரையில் மேலும் கீழுமாக இரண்டு படம். மேலே காலையில் அப்பா நடந்தது, கீழே நான் நடந்தது. அப்பா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மீட்டர் பார்க்கிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நீ. மேல இருக்கறது நானா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“சின்ன மலைன்னா கைன்னு சொல்லுவியே. உனக்கு ரெண்டும் இருக்கு. எனக்கு ஒரு பக்கம்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு, மடியில் கிடந்த தன் இடது கையைப் பார்த்தார். நானும் அதைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவரின் கை மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒன்றையொன்று லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தன. மின்சாரம் இல்லை, பெயின்ட் இல்லை, வேலி இல்லை. ஐந்து ரேடார் ஒரே வாயாகச் சொன்னதை நான் மூன்று வாரம் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறேன். அவருடைய இடது கை வீசவில்லை. கால் தரையை விட்டு எழவில்லை.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கவலை இல்லை, பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

“அப்ப மெஷின்ல ஒண்ணும் இல்லைல்ல?”

“இல்லப்பா.”

“நல்லதாப் போச்சு. நான் சரியா நடக்காமத்தான் உனக்குக் கெட்ட பேரு வருதோன்னு இருந்துச்சு. அதான் காலைல எழுந்து நடந்து பழகிப் பாத்தேன். வரமாட்டேங்குது.”

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதில் அந்தச் சனியன் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, அதைப் பிடுங்கி எறியக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேமராக்காரர் வந்து அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்து, வாங்க சார், ஒரு காபி குடிக்கலாம் என்று அவரைக் கைபிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். பதினைந்து வருஷத்தில் அந்த மனிதர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

மறுநாள் கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி நடந்தாள், உயரமானவன் ஒருவன் நடந்தான், பை தூக்கியவன், குடை பிடித்தவன் எல்லோரும் நடந்தார்கள். தொண்ணூறுக்குக் கீழே யாருக்கும் வரவில்லை. பலகை தேறிவிட்டது. தலைவர் இந்தத் தடவை சிரிக்காமல் கைகுலுக்கினார், அதனால் அது நிஜமான பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்பா வர வேண்டாம் என்று சொல்லியும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து வேலி ஓரம் நின்றிருந்தார். எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார். வலது கை போய் இடது கையில் பட்டது, இடது கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அறை வாசலில் ஒரு நீளமான நடைவழி, சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள், கோடியில் ஒரு வெள்ளைக் கதவு. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகப் பேசினாள். விரலைத் தட்டச் சொன்னாள், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் அப்பாவின் கண்ணாடியையும் தொப்பியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை, வயசுதான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக என் பலகை சரியாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டவள் நான். அந்த நடைவழியில் நின்றுகொண்டு, இந்த ஒரு தடவை அது பொய் சொல்லியிருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

“அந்தக் கதவு வரைக்கும் சாதாரணமா நடந்து காட்டுங்க, பாக்கலாம்” என்றாள் டாக்டரம்மா.

அப்பா எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். நடக்கவில்லை. நடங்க என்று அவள் இன்னொரு தடவை சொன்னாள். அப்படியே நின்றார். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. எனக்குப் புரியவில்லை. காது கேட்கவில்லையா, பயப்படுகிறாரா, என்ன இது என்று பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, தன் காதை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

காதுக் கருவி ஆராய்ச்சிக்கூடத்தில் என் மேஜையில் கிடந்தது. நான் பக்கத்து இரும்பு நாற்காலியின் கையில் மோதிரத்தால் தட்டினேன். டிக். டிக். டிக்.

அப்பா நடந்தார். டிக்குக்கு ஓர் அடி. டாக்டரம்மா அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. நான் இடது கையைத்தான் பார்த்தேன். வீசுங்கப்பா, ஒரே ஒரு தடவை வீசுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு, விடாமல் தட்டினேன். கை அவர் தொடையோடு ஒட்டிக்கொண்டு போனது. கதவு வரைக்கும் போய், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பி, எங்களைப் பார்த்து வந்தார். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார்.

அப்பா என் எதிரில், அங்கே கோடு ஒன்று போட்டிருப்பதுபோலச் சரியாக வந்து நின்றார். வீட்டுக்காரர் கையிலிருந்து தொப்பியை வாங்கித் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டார்.

“எத்தனை?” என்றார்.

“தொண்ணூத்தாறுப்பா” என்றேன்.